முழங்கை இருக்கும் இடம்

ஜெலுத்தோங் சாலையில், டயர்க் கடைக்கும்
பல் மருத்துவருக்கும் நடுவே அந்தக் கடை.
வாசலில் தலையில்லாத பொம்மைகள் ஆறு
முழுக் கவசத்தில் நிற்கின்றன,
வியர்க்காமல்.

மணி இரண்டு. முப்பத்து நான்கு டிகிரி.
இரவு வேலை முடித்தும் தூக்கம் வரவில்லை எனக்கு.

தோல் ஜாக்கெட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்
தவுக்கே கூ. நல்ல மாட்டுத்தோல், நல்ல கனம்.
போட்டு இரண்டு நிமிடம் நின்றேன்.
இட்லிப் பானைக்குள் மாவுக்கு எப்படி இருக்குமென்று
தெரிந்தது. கழற்றிக் கொடுத்தேன்.

இந்த ஊரில் ஜாக்கெட் என்றால்
முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டிக்கொள்வது.
ஜிப் முதுகில் திறந்து கிடக்க
கைகளை மட்டும் நுழைத்துக் கப்சாயில் போகிறோம்,
அறுவைக்குப் புறப்பட்ட டாக்டர்கள் போல.
வெயில் படாது. சட்டை அழுக்காகாது.
விழுந்தால்?

விழுந்தவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.
தோலிலிருந்து சாலையை எடுப்பது என் வேலை.
உப்புநீர் ஊற்றி, இடுக்கியால், ஒவ்வொரு கல்லாக.
பாலத்துத் தார் என்றால் கறுப்புப் பொடி.
பாலிக் புலாவ் வளைவென்றால் செம்மண் கலந்திருக்கும்.
எங்கே விழுந்தாய் என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு பையன், சாப்பாடு கொண்டுபோகிறவன்.
டீ சட்டை, ஸ்லிப்பர்.
இடுப்பில் பெல்ட் இருந்த இடத்தில் மட்டும்
இரண்டு அங்குலம் தோல் மிச்சம்.
முப்பது வெள்ளி பெல்ட் அது, அக்கா, என்றான்.
அந்தப் பட்டையை நினைத்துக்கொண்டேதான்
இந்தக் கடைக்குள் வந்திருக்கிறேன்.

அடுத்து வலை ஜாக்கெட்.
மேசை விசிறிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன்.
மறுபக்கம் என் கன்னத்தில் காற்று.
காற்று வருகிற வழியில் தாரும் வராதா
என்று மலாயில் கேட்டேன்.
கூ பதில் சொல்லாமல் ஜாக்கெட்டைப் புரட்டினார்.
தோளிலும் முழங்கையிலும் துணி கெட்டியாகத் தைத்திருந்தது,
உள்ளே உணவுத்தட்டு போல வளைந்த ஒரு பட்டை.
நெஞ்சில்தான் வலை.
நெஞ்சால் யார் விழுகிறார்கள், மிஸ்?
விழுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

பெண்களுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று.
இளஞ்சிவப்பு, பட்டாம்பூச்சி போட்டது,
முழங்கையில் வெறும் பஞ்சு.
ஆண்கள் அளவில் ஆகச் சிறியதைக் கேட்டேன்.

கண்ணாடி முன் நின்றால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
நின்றபடி ஓட்டுகிறவர் யார்?
பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
இல்லாத ஹேண்டிலைப் பிடித்தேன்.
பட்டை நழுவி முன்கைக்குப் போயிற்று.
முழங்கை தனியாக வெளியே.
பல் மருத்துவருக்குக் காத்திருந்த ஒரு சிறுமி
கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள்,
முக்காலியில் உட்கார்ந்து
இடமும் வலமுமாகச் சாய்கிற ஒருத்தியை.
கூ வந்து, மேற்கைப் பட்டியை இரண்டு பொத்தான் இறுக்கினார்.
இப்போது சாய்ந்தேன்.
நகரவில்லை.

முந்நூற்று எண்பத்தொன்பது.
பேசிப் பேசி முந்நூற்று ஐம்பத்தைந்து, கையுறையும் சேர்த்து.
முட்டிக் கவசம் வைத்த கால்சட்டை அடுத்த மாதம்.
அதுவரை இடுப்புக்குக் கீழே
நான் விழக்கூடாது.
யோகாம்பிகை என்று சொன்னேன்.
பில்லில் யோகா என்று எழுதினார்.

சுங்கை பினாங்கு சந்திப்பில் சிகப்பு.
நூற்றுப் பத்து நொடி.
வண்டி நின்றதும் வலை ஒரு பொய்.
வியர்வை முதுகுத்தண்டில் இறங்கி இறங்கி
எங்கே போகிறதென்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் ஒரு பெரியவர், ஜாக்கெட் பின்பக்கமாக,
கூடையில் கங்கோங் கட்டு.
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
பானாஸ்கா? என்றார்.
பானாஸ், என்றேன்.

பச்சை விழுந்தது.
எல்லா ஓட்டையிலும் ஒரே நேரத்தில் காற்று.
அவர் முன்னால் போனார்,
முதுகுச் சட்டை படபடக்க,
மெல்லிய நைலான் கைகளை அகட்டி வைத்துக்கொண்டு.
அவர் திரும்புகிற வரைக்கும்
அந்த முழங்கைகளுக்குப் பின்னாலேயே போனேன்.